காதில் விழாத கம்பி: 46 வயதில் பேஸ் கிட்டார் தொடங்கிய ஒருவரின் ஏழு மாதங்கள்

பின்னணி

இது 2024 ஜூன் முதல் டிசம்பர் வரை நடந்தது. கற்றுக்கொண்டவர் மின்வாரியத்தில் வயர்மேன், அப்போது அவருக்கு 46 வயது. கற்றுக்கொடுத்தது நான். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடி அறையில் சனிக்கிழமைகளில் கிட்டார் வகுப்பு எடுக்கிறேன். அவரைவிடப் பன்னிரண்டு வயது சிறியவன் என்பதால் அவர் எனக்கு அண்ணாச்சி, நான் அவருக்குத் தம்பி. அவரிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகுதான் இதை எழுதுகிறேன். ஆள் பெயரும் சபையின் பெயரும் இங்கே தேவையில்லை.

அவருடைய சபை தாமிரபரணியை ஒட்டிய ஒரு ஊரில் இருக்கிறது. பாடகர் குழுவில் இருபது வருஷத்துக்கு மேலாகப் பேஸ் குரல் பாடுகிறவர்; நான்கு குரலாகப் பிரித்துப் பாடும்போது மிகத் தாழ்ந்த ஆண் குரல் அது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலியையும் தூத்துக்குடியையும் புரட்டிப்போட்ட மழையில் அந்தக் கோவிலுக்குள்ளும் தண்ணீர் ஏறியது. பேஸ் கிட்டாருக்கென்று இருந்த ஒரே ஸ்பீக்கர் பெட்டி ஊறி வீணாகிவிட்டது. கிட்டார் மட்டும் சுவரில் மாட்டியிருந்ததால் தப்பியது. அடுத்த மே மாதம், அதை வாசித்துவந்த பையனும் வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். கருவி இருக்கிறது, ஆள் இல்லை, பெட்டியும் இல்லை. குழுத் தலைவர் ஒருநாள் ஒத்திகையில், "நீங்கதான் பேஸ் பாடுதீயளே, அதையே கம்பியில வாசிச்சா என்ன?" என்று கேட்டிருக்கிறார். விளையாட்டாகச் சொன்னதுதான். இந்த ஏழு மாதத்தில் அவருக்குக் கிடைத்த யோசனைகளில் அதுதான் உருப்படியானது என்று எனக்கு செப்டம்பர் வரை தெரியவில்லை.

குறிக்கோள் தெளிவாக இருந்தது. கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனையில் குழுவோடு உட்கார்ந்து வாசிக்க வேண்டும்.

முதல் வகுப்பில் பார்த்தது

ஜூன் முதல் சனிக்கிழமை, கிட்டாரை வேட்டித் துணியில் சுற்றி பைக்கின் பின்னால் கட்டிக் கொண்டுவந்தார். வழக்கமான நான்கு கம்பிக் கருவி, கம்பி நீளம் 34 அங்குலம். கம்பிகளில் துரு. கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைதான் ஃபிரெட். பன்னிரண்டாவது ஃபிரெட்டின் மேல் அடிக்கம்பி, அதாவது மிகத் தடித்த, மிகத் தாழ்ந்து ஒலிக்கும் கம்பி, எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்தேன்: 4 மில்லிமீட்டர். இரண்டு, இரண்டரை இருந்தால் போதும். நாலு என்றால் ஒவ்வொரு முறையும் கம்பியை ஃபிரெட்டுக்கு இறக்குவதே ஒரு வேலை.

இதை அன்றைக்கே சரிசெய்திருக்கலாம். புதுக் கம்பி ஒரு செட் அப்போது சுமார் 2,000 ரூபாய். இரண்டு மாதம் வந்து நின்றுவிடுகிற மாணவர்களைப் பார்த்துப் பழகியவன் நான். "தொடர்ந்து வாராரான்னு பாத்துட்டு மாத்துவோம்" என்று விட்டுவிட்டேன்.

அவர் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏணியும் கயிறும் கட்டிங் பிளேயரும் பிடித்துக் காய்த்த கை. பேஸ் கம்பி தடிமனானது. புதிதாகத் தொடங்குகிற எல்லோருக்கும் முதல் இரண்டு வாரம் விரல் நுனி எரியும். இவருக்கு அது வரவே இல்லை. ஆனால் கிட்டார் கழுத்தின் பின்புறம் வைத்திருந்த இடது கட்டைவிரலின் நகம் ரத்தம் இல்லாமல் வெளுத்திருந்தது. என் வகுப்பு நோட்டில் அன்று எழுதிய வரி அப்படியே இருக்கிறது: "பிடி ரொம்ப இறுக்கம். வயசு."

அந்த "வயசு" என்ற ஒற்றைச் சொல் எங்களுக்கு இரண்டு மாதத்தைத் தின்றது.

ஜூன், ஜூலை: தவறான மருந்து

அவர் வீட்டில் பயிற்சி செய்த விதத்தை நான் கேட்காமலே விட்டேன். "தினமும் எவ்வளவு நேரம் அண்ணாச்சி?" என்று கேட்டேன். அரை மணி நேரம் என்றார். நல்லது என்று அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். எங்கே உட்கார்ந்து, எதில் இணைத்து, என்ன காதில் விழுகிறது என்று கேட்டிருந்தால் கதை வேறு.

பின்னால் தெரிந்தது இது. மகள் பிளஸ் டூ. ராத்திரி ஒன்பதரைக்கு மேல், அவள் படிக்கிற அறைக்கு அடுத்த தாழ்வாரத்தில் உட்கார்ந்து, ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) எதுவும் இல்லாமல் வெறும் கருவியை மீட்டியிருக்கிறார். பேஸ் கிட்டார் வயிறு காலியான அக்கூஸ்டிக் கிட்டார் மாதிரி கிடையாது, கெட்டியான மரக்கட்டை. ஆம்பில் இணைக்காமல் மீட்டினால் கொசு பறக்கிற அளவுக்குத்தான் சத்தம். அது காதில் விழுவதற்காக வலது கையால் பலமாக இழுத்திருக்கிறார். பலமாக இழுத்த கம்பி ஃபிரெட்டில் மோதிக் கரகரத்திருக்கிறது. கரகரப்பை அடக்க இடது கையை இன்னும் இறுக்கியிருக்கிறார். இப்படியே தினமும் அரை மணி நேரம்.

பாட்டைப் பழக அவர் வைத்திருந்தது கைபேசி. அடிக்கம்பியைத் திறந்து, அதாவது எந்த ஃபிரெட்டிலும் அழுத்தாமல், மீட்டினால் வரும் ஒலி நொடிக்கு 41 அதிர்வு. ஏ, டி, ஜி என்ற அடுத்த மூன்று கம்பிகள் 55, 73, 98. கைபேசியின் பொட்டு ஸ்பீக்கரால் இந்த ஒலிகளை உருப்படியாக எழுப்ப முடியாது. அவற்றின் மேல்மடங்குகள் (அந்த எண்களின் இரண்டு, மூன்று மடங்கில் கூடவே எழும் ஒலிகள்) கொஞ்சம் வரும். கூடவே கீபோர்டும் டிரம்மும் ஒலித்தால் அதுவும் மறைந்துவிடும். ஆக, காணொளியில் அவர் பார்த்தது வாசிப்பவரின் விரலை மட்டும். எந்த ஃபிரெட்டில் கை போகிறது என்று பார்த்து மனப்பாடம் செய்தார். பாட்டு அவருக்குக் கேட்கவே இல்லை.

ஐந்தாவது வகுப்பில், அதாவது ஜூன் கடைசியில், கட்டைவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டு வரை இழுக்கிறது என்றார். நான் நோட்டைப் பார்த்தேன். "வயசு" என்று எழுதியிருந்தது. விரல்கள் விறைத்திருக்கின்றன, பழக்கினால் இளகும் என்று முடிவு செய்து, முதல் ஃபிரெட்டிலிருந்து நான்காவது வரை ஒவ்வொரு விரலுக்கும் ஒரு ஃபிரெட் என்று விரித்து வைத்து ஏறி இறங்கும் பயிற்சியைக் கொடுத்தேன். தினமும் பத்து நிமிஷம்.

இந்தப் பயிற்சி எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. நான் கிட்டாரில் தொடங்கி பேஸுக்கு வந்தவன். சாதாரண கிட்டாரில் முதல் ஃபிரெட்டுக்கும் நான்காவதுக்கும் இடைவெளி பத்து சென்டிமீட்டருக்குள். 34 அங்குல பேஸில் அதே இடைவெளி சுமார் 13 சென்டிமீட்டர். என் கைக்குப் பதினைந்து வயதில் பழகிய ஒன்றை, மூன்று சென்டிமீட்டர் கூட்டி, வலிக்கிற கைக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஜூலை நடுவில் அவர் வகுப்புக்கு வந்து கிட்டாரைத் திறக்காமலே உட்கார்ந்தார். அன்று காலை கம்பத்தின் மேல் நிற்கும்போது கையிலிருந்த பிளேயர் நழுவிக் கீழே விழுந்துவிட்டதாம். கீழே ஆள் இல்லை, லைன் ஆஃப் செய்யப்பட்டிருந்தது, ஒன்றும் ஆகவில்லை. "பிடி வழுக்குன மாதிரி இல்ல தம்பி. கை தானா விட்டுட்டு" என்றார்.

நிறுத்தியது

அன்றைக்கே நிறுத்தினோம். இதில் யோசிக்க எதுவும் இல்லை. அவருக்குக் கை என்பது சோறு. அதைவிட, கம்பத்தில் நிற்கும்போது அது உயிர். எலும்பு மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். தசைநாண் வீங்கியிருக்கிறது, மூன்று வாரம் கட்டைவிரலுக்கு ஓய்வு என்றார் மருத்துவர். மின்வாரிய வேலையில் மேலே ஏறாத பணி மாற்றிக் கொடுத்தார்கள்.

விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். குழுவுக்கு வேறு பையனைப் பார்க்கச் சொல்லலாமா என்றுகூடக் கேட்டேன். "மூணு வாரம்தானே" என்றார்.

ஆகஸ்ட்: நகத்தின் நிறம்

ஆகஸ்ட் இரண்டாவது சனிக்கிழமை வந்தார். வலி இருக்கிறதா என்று பார்க்க மட்டும், என்னுடைய பேஸைக் கொடுத்தேன். என் கருவியில் கம்பி தாழ்வாக இருக்கும். பக்கத்து வீட்டில் அன்று ஒரு துக்கம். சத்தம் வெளியே போக வேண்டாமென்று ஜாக்கில் சொருகுகிற சின்ன ஹெட்ஃபோன் ஆம்பை மாட்டி, காதில் ஹெட்ஃபோன் வைத்துவிட்டேன். இது ஒரு தற்செயல்தான். நான் திட்டமிட்டுச் செய்ததாகச் சொல்லிக்கொள்ள ஆசை, ஆனால் அப்படி இல்லை.

ஒரு கம்பியை மெல்ல மீட்டினார். உடனே கையை எடுத்துவிட்டார். ஹெட்ஃபோனைக் கழற்றி ஒரு தடவை பார்த்தார், மறுபடி மாட்டினார்.

"தம்பி, இதுக்குள்ள இவ்வளவு சத்தமா இருக்கு?"

அதன்பிறகு ஐந்து நிமிஷம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பாட்டுக்கு ஒரே சுரத்தை மெதுவாக, இன்னும் மெதுவாக மீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தின் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். கட்டைவிரல் நகம் சிவப்பாக இருந்தது. அப்போதுதான் நோட்டைப் புரட்டி முதல் வகுப்பின் வரியைப் படித்தேன். பிடி இறுகியதற்குக் காரணம் வயது இல்லை. கேட்காததுதான் காரணம். கேட்காதவன் எப்படிக் கத்திப் பேசுவானோ, அப்படித்தான் அவர் கை வாசித்திருக்கிறது.

அன்றே வீட்டுப் பயிற்சியைப் பற்றி முழுக்கக் கேட்டேன். மேலே எழுதியிருக்கும் தாழ்வாரம், கைபேசி எல்லாம் அன்று அவர் சொன்னவைதான்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு காது. என் ஹெட்ஃபோன் ஆம்பை அவரிடமே கொடுத்தனுப்பினேன். அது இல்லாமல் கருவியைத் தொடக் கூடாது என்பது ஒரே நிபந்தனை. சத்தம் வேண்டுமானால் வால்யூமைத் திருப்ப வேண்டும், கையைக் கூட்டக் கூடாது. பாட்டைக் கேட்பதும் ஹெட்ஃபோனில்தான். மகளின் படிப்புக்கும் தொந்தரவில்லை.

அடுத்தது கருவி. கனம் குறைந்த கம்பி செட் வாங்கினோம். கம்பியின் தடிமனை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சொல்வார்கள்; வழக்கமாக வருவது 45 முதல் 105 வரை. நாங்கள் எடுத்தது 40 முதல் 100 வரை. கழுத்து முன்பக்கம் வளைந்திருந்தது. ட்ரஸ் ராடை (கழுத்துக்குள் ஓடும், வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பி) கால் சுற்று இறுக்கி, ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் பார்த்து இன்னும் கொஞ்சம். பிறகு பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் சேடில்களை இறக்கி, அடிக்கம்பியை இரண்டரை மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தோம். அவர் வேலைக்காரர் ஆயிற்றே, ஆலன் கீயை என்னிடமிருந்து வாங்கி அவரே திருப்பினார். "இதை முதல் நாளே செஞ்சிருக்கலாம்லா?" என்றார். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அழுத்தம் பழக்குவதற்கு ஒரு சோதனை வைத்தோம். இதை யாரும் வீட்டில் செய்து பார்க்கலாம். விரலைக் கம்பியின் மேல் சும்மா வைத்து மீட்டினால் 'டொப்' என்று செத்த சத்தம். மீட்டிக்கொண்டே மெல்ல மெல்ல அழுத்த வேண்டும். கரகரக்கும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் ஒரு புள்ளியில் சுரம் தெளியும். அங்கேயே நிறுத்த வேண்டும், அதற்கு மேல் அழுத்துவது எல்லாம் வீண். விரல் ஃபிரெட்டை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் இருந்தால் அந்தப் புள்ளி சீக்கிரம் வரும்; இரண்டு ஃபிரெட்டுக்கும் நடுவில் இருந்தால் தள்ளிப்போகும். சில நாள் கட்டைவிரலைக் கழுத்திலிருந்து முழுக்க எடுத்துவிட்டு, முன்கையின் கனத்தால் மட்டும் வாசிக்கச் சொன்னேன். கட்டைவிரல் இல்லாமலே சுரம் வருகிறது என்று கை ஒருமுறை நம்பிவிட்டால் பிறகு அது இறுகுவது குறையும்.

விரல் வைக்கும் முறையையும் மாற்றினேன். டபுள் பேஸ் (வயலின் போன்ற, ஆள் உயரக் கருவி) வாசிப்பவர்கள் வெகுகாலமாகச் செய்வதுபோல, ஆள்காட்டி, நடு, சுண்டு ஆகிய மூன்றுதான் தனித்தனி. மோதிர விரல் சுண்டுவிரலுக்குத் துணை. நாலு ஃபிரெட்டுக்குப் பதில் மூன்று ஃபிரெட்தான் ஒரு பிடியில் அடங்கும், விரிப்பு 13 சென்டிமீட்டரிலிருந்து ஒன்பதுக்கு இறங்கும். தேவையானால் கை முழுக்க நகரட்டும். அதோடு, பாடத்தை முதல் ஃபிரெட்டில் தொடங்காமல் ஐந்தாவதில் தொடங்கினோம். ஐந்துக்கும் எட்டுக்கும் நடுவே பத்து சென்டிமீட்டர்தான்.

தொண்டையில் ஏற்கெனவே இருந்தது

இதை முடிவு என்று சொல்வதா, கண்டுபிடிப்பு என்று சொல்வதா தெரியவில்லை. செப்டம்பரில் ஒரு ஞானப்பாட்டின் (மேல்நாட்டு மெட்டில் பாடும் சபைப் பாட்டு) பேஸ் வரியை நான் எழுதிக்கொண்டிருந்தேன், எந்தக் கம்பி, எந்த ஃபிரெட் என்று. அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதே வரியை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் எழுதிமுடிக்கும் முன்பே அவர் பாடி முடித்துவிட்டார். இருபது வருஷமாக சோல்ஃபா (டோ, ரே, மி என்று எழுத்தில் எழுதும் சுரக்குறிப்பு) பார்த்து நால்குரலில் பேஸ் பாடுகிறவர். அவருக்குப் போய் நான் எண் எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த நிமிஷத்தோடு எழுதுவதை நிறுத்தினோம். பாடு, பிறகு பாடியதைக் கம்பியில் தேடு. ஒரு பேஸ் குரல் சுகமாக இறங்குகிற அடி, கருவியின் அடிக்கம்பிக்குச் சரியாக ஒரு ஸ்தாயி மேலே இருக்கும். ஆகவே வரி அப்படியே பொருந்தும், கருவியில் ஒரு மாடி கீழே ஒலிக்கும், அவ்வளவுதான். ஒரு பாட்டுக்கு மூன்று வாரம் எடுத்தவர், வாரத்துக்கு ஒரு பாட்டு என்று வந்தார்.

கீர்த்தனைகள் வேறு மாதிரி. 1774-ல் திருநெல்வேலியில் பிறந்து கிறிஸ்தவக் கீர்த்தனைகள் இயற்றிய வேதநாயகம் சாஸ்திரியார் காலத்திலிருந்து வரும் அந்த மரபில் நால்குரல் கிடையாது, பேஸ் வரியும் கிடையாது. ராகம் போகிற போக்கில் எந்தச் சுரத்தை அடியில் வைப்பது என்று நாமே முடிவு செய்ய வேண்டும். அங்கே நான் அவரைப் பெரும்பாலும் ஆதார சட்ஜத்திலும் பஞ்சமத்திலும் நிற்க வைத்தேன். கொஞ்சம் சலிப்புதான். ஆனால் தபேலாவின் அடியோடு சேர்ந்து அந்த இரண்டு சுரம் சரியான இடத்தில் விழுந்தால் பாடுகிற சனம் தானாக நிமிரும். பாடகர் சுருதியை நாலு கட்டையிலிருந்து நாலரைக்கு ஏற்றிவிட்டால் கிட்டார்காரன் கேபோ (எல்லாக் கம்பியையும் ஒரே ஃபிரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) தேடுவான். திறந்த கம்பியைத் தொடாமல் வாசிக்கப் பழகிய பேஸ்காரன் ஒரு ஃபிரெட் மேலே நகர்ந்தால் போதும்.

சுருதி சேர்ப்பதில் அவர் எனக்கு ஒன்று சொல்லிக்கொடுத்தார். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியிலும் ட்ரான்ஸ்ஃபார்மரின் இரும்பு இரண்டு தடவை நெளிவதால் அது முனகுவது 100-ல். மிக மெல்லிய ஜி கம்பியின் சுருதி 98. "நம்ம ட்ரான்ஸ்ஃபார்மர் சத்தத்துக்கு ஒரு மயிரிழை கீழ வச்சா ஜி கம்பி சரியா இருக்கும் தம்பி" என்றார். டியூனரை வைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அடிக்கம்பியில் டியூனர் முள் நிலையில்லாமல் ஆடும்போது, பன்னிரண்டாவது ஃபிரெட்டின் நேர்மேலே விரலைத் தொட்டும் தொடாமலும் வைத்து மீட்டி, அந்த மேல் ஒலியில் சேர்க்கலாம் என்பதை நான் பதிலுக்குச் சொன்னேன்.

விளைவு

அக்டோபர் கடைசி ஞாயிறு ஆராதனையில் இரண்டு பாட்டு வாசித்தார். டி.ஐ. பாக்ஸ் (கருவியின் ஒலியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) வழியாக நேரே மிக்சருக்கு இணைத்து, மிக்சரின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒரு காதுக்கு மட்டும் இழுத்துக் கொடுத்திருந்தேன். பிசகில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் வகுப்புகள் பாதி நின்றுபோயின. மழைக்காலத்தில் வயர்மேனுக்கு ஏது சனிக்கிழமை? டிசம்பர் இரண்டாம் வாரக் கனமழையில் அவர் நான்கு நாள் வீட்டில் தூங்கவே இல்லை. ஈரத்தில் கருவியின் கழுத்தும் லேசாக வளைந்து கம்பி மறுபடி உயர்ந்தது; இந்த முறை என்னிடம் கேட்காமல் அவரே ராடைத் திருப்பிச் சரிசெய்திருந்தார்.

கிறிஸ்துமஸ் அதிகாலை ஒன்பது பாட்டில் ஐந்துக்கு வாசித்தார். முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். அன்று சவுண்ட் செட் வெளியிலிருந்து வந்தது. காதுக்குத் தனி இணைப்பு கேட்டதற்கு, நேரமில்லை என்றுவிட்டார்கள். உயரமான கூரை, கல் தரை. தாழ்ந்த ஒலி உருண்டு தாமதமாகத் திரும்பி வருகிறது. மேடையில் கும்மென்று ஒரு முழக்கம் இருந்தது, அதில் தன்னுடைய சுரம் எது என்று அவருக்குத் தெரியவில்லை. மூன்றாவது பாட்டில் தாளத்தில் அரை அடி பின்தங்கினார். கீழே உட்கார்ந்திருந்த எனக்கு அவர் தோள் ஏறியது தெரிந்தது. கை பழையபடி இறுகிவிட்டது. நான்காவது பாட்டில் டிரம்மின் கிக் பெடலைக் கண்ணால் பார்த்து வாசிக்கத் தொடங்கி ஓரளவு சமாளித்தார். கட்டைவிரல் இரண்டு நாள் வலித்தது. பிறகு இல்லை.

ஆகஸ்டில் நான் போட்ட கணக்கு சரியா என்ற சந்தேகம் எனக்கு அன்றுதான் தீர்ந்தது. அதே ஆள், அதே கை, சரிசெய்த கருவி. கேட்பது நின்றதும் இறுக்கம் வந்துவிட்டது.

மாற்றியவை

இப்போது புதிதாக பேஸ் கற்க வருகிறவரிடம் முதலில் விரலைப் பார்ப்பதில்லை. வீட்டில் எதில் கேட்கிறீர்கள் என்று கேட்கிறேன். ஆம்ப் இல்லையென்றால் இரவல் ஹெட்ஃபோன் ஆம்ப் கொடுத்துத்தான் முதல் பாடம். பழைய கருவியோடு வந்தால் அன்றைக்கே கம்பி உயரத்தை அளந்து இறக்கிவிடுகிறேன். அவர் தொடர்ந்து வருவாரா மாட்டாரா என்று காத்திருப்பதில்லை, ஏனென்றால் உயர்ந்த கம்பியே பலரை நிறுத்திவிடும். என்ன வேலை செய்கிறார், அந்த வேலைக்குக் கை எப்படித் தேவை என்றும் கேட்டுக்கொள்கிறேன். வலி என்று சொன்னால் அன்று பயிற்சி கிடையாது. கிட்டாருக்கு எழுதிவைத்திருந்த விரல் பயிற்சித் தாளை பேஸ் மாணவர்களுக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன்.

நோட்டில் பார்த்ததை ஒரு பக்கமும், அதற்கு நான் நினைக்கிற காரணத்தை எதிர்ப்பக்கமும் எழுதுகிறேன். ஒரே வரியில் சேர்த்து எழுதினால் இரண்டாவது வாரமே எது பார்த்தது, எது நினைத்தது என்று எனக்கே தெரிவதில்லை.

சபையில் இன்னும் பேஸ் ஆம்ப் வாங்கவில்லை. அண்ணாச்சி சொந்தமாக ஒரு 25 வாட் பெட்டி வாங்கிவிட்டார். மகளின் பரீட்சை முடிந்த மறுநாள் தாழ்வாரத்தில் வைத்து இணைத்திருக்கிறார். அடுப்படி ஷெல்ஃபில் இருக்கும் எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுக்கின்றன என்று வீட்டில் புகார். எல்லாச் சுரத்துக்கும் இல்லையாம், ஏ கம்பியைத் திறந்து மீட்டினால் மட்டும்.